மேடையில் பேசி முடித்த பிறகு

நான் வட இங்கிலாந்தின் பர்ன்லியில் குடியிருப்பதற்குக் கால்பந்து காரணமில்லை. மான்செஸ்டரில் வேலை கிடைத்தது, அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகவில்லை, ரயிலில் போய்வரும் தூரத்தில் மலிவாக வீடு கிடைத்த ஊர் இது. அவ்வளவுதான். ஆனால் இங்கே இருந்துகொண்டு கால்பந்திலிருந்து தப்பிக்க முடியாது. ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர், அதில் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் டர்ஃப் மூர் மைதானம். பக்கத்து வீட்டுக்காரர் என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு முன்பே 2009 மே 25 பற்றிச் சொல்லிவிட்டார். வெம்பிளியில் ஷெஃபீல்ட் யுனைட்டெடை 1-0 என்று வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு பர்ன்லி முதல் தர லீகுக்குத் திரும்பிய நாள். கோல் போட்டவர் வேட் எலியட். ஆனால் ஆட்ட நாயகன் பட்டம் போனது டிஃபெண்டர் கிளார்க் கார்லைலுக்கு.

அந்தப் பெயரை அப்போது வெறும் பெயராகத்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு எனக்கே உடம்பு சரியில்லாமல் போனபோது, மனச்சோர்வை 'உடம்பு' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

கார்லைல் 1979ல் பிரெஸ்டனில் பிறந்தவர். பிளாக்பூல், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், லீட்ஸ், வாட்ஃபோர்ட், பர்ன்லி என்று பல கிளப்புகளுக்கு ஆடினார். 2002ல் ஒரு டிவி வினாடி வினாவில் பிரிட்டனின் அதிபுத்திசாலிக் கால்பந்து வீரர் என்று பட்டம் வாங்கினார். பிபிசியின் அரசியல் விவாத நிகழ்ச்சியில் அரசியல்வாதிகளுக்கு நடுவே உட்கார்ந்து சளைக்காமல் பேசினார். 2010 முதல் 2013 வரை தொழில்முறை கால்பந்து வீரர்கள் சங்கமான பி.எஃப்.ஏ.வின் சேர்மனாக இருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இந்த மனிதருக்கு என்ன குறை என்றுதான் தோன்றும்.

அந்தப் பட்டத்துக்கு முந்தைய வருடம், முழங்காலில் பலத்த காயம். இனி ஆட முடியுமா என்றே தெரியாத நிலை. அப்போது 21 வயதில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். அதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது. ஆர்சனலின் முன்னாள் கேப்டன் டோனி ஆடம்ஸ், தானும் குடியிலிருந்து மீண்டவர் என்பதால் விளையாட்டு வீரர்களுக்கென்றே 2000ல் தொடங்கிய 'ஸ்போர்ட்டிங் சான்ஸ்' சிகிச்சை மையத்துக்கு 2003ல் கார்லைல் போனார். 2013 மே மாதம் 33 வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருடம் ஜூலையில் பிபிசிக்காக, கால்பந்து வீரர்களின் மனச்சோர்வைப் பற்றியும் தற்கொலை பற்றியும் ஓர் ஆவணப்படத்தைத் தொகுத்து வழங்கித் தன் கதையையும் சொன்னார்.

பல கட்டுரைகள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. சொன்னார், பாரம் இறங்கியது, மற்றவர்களுக்கு வழிகாட்டினார், சுபம். நடந்தது வேறு. படம் வெளியாகி ஒன்றரை வருடத்துக்குள், 2014 டிசம்பரில், அவர் மறுபடியும் தற்கொலைக்கு முயன்று படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். மனநல மருத்துவமனையில் தங்கி சிகிச்சை எடுத்தார். 2017 செப்டம்பரில் காணாமல் போய், போலீஸ் தேடி, லிவர்பூலில் பத்திரமாகக் கிடைத்தார். அதன் பிறகும் சிகிச்சை, அதன் பிறகும் பேச்சு. மனைவியோடு சேர்ந்தும் மனநலம் பற்றிப் பேசியிருக்கிறார்.

இதை நான் அவரைக் குறைசொல்ல எழுதவில்லை. சேர்மன், படித்தவர், இந்த நோயைப் பற்றிப் படமே வழங்கியவர். இவ்வளவும் அவரைக் காப்பாற்றப் போதவில்லை. 'மனம்விட்டுப் பேசுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லும்போது நாம் பாதியைத்தான் சொல்கிறோம். பேசுவது சிகிச்சைக்குப் போகும் வழி, அதுவே சிகிச்சை இல்லை. இது எனக்குப் புரிந்தது படித்ததால் மட்டும் அல்ல.

என் கதை சின்னது. கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. வேலை போனதற்குக் கம்பெனி கொடுத்த ரிடண்டன்சி பணம் கையில் இருந்ததால் உடனே பட்டினி இல்லை. வேறு வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், கிடைக்கவும் செய்தது. ஆனால் நடுவில் இருந்த அந்த மாதங்களில் திங்கட்கிழமை என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போனது. ஆறு ஐம்பது ரயில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கால்பந்து வீரர்கள் ஓய்வுபெற்றதும் சரிந்துபோவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினாறு வயதிலிருந்து என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குப் பயிற்சி, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 33 வயதில் ஒருநாள் அத்தனையும் நின்றுவிடுகிறது. என்னைப் போன்றவனுக்கு அடுத்த கம்பெனியாவது உண்டு. அவர்களுக்கு அடுத்த அணியின் சட்டை கிடையாது.

எனக்கு முதலில் போனது தூக்கம். அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் வந்ததுதான். அப்புறம் பசி. அப்புறம், சொன்னால் சிரிப்பார்கள், சனிக்கிழமை ஸ்கோர் பார்ப்பது நின்றுபோனது. என் மனைவி கவனித்தது அதைத்தான். "என்னங்க, பர்ன்லி தோத்துதா ஜெயிச்சுதான்னு கூடப் பார்க்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் ஜிபியிடம், அதாவது எங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், அவளே அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள்.

ஜிபி என்ன செய்வார் என்று தெரியாமல்தான் பலர் போவதில்லை. அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஒரு தாள் கொடுத்தார், பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. தூக்கம், பசி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா, தன்னைப் பற்றி மோசமாகத் தோன்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வருகிறதா என்பது. எல்லோரும் அந்த இடத்தில் பேனாவை நிறுத்துவோம் என்று நினைக்கிறேன். நான் 1 என்று போட்டேன். டாக்டர் பதறவில்லை, கத்தவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. "அப்படி நினைக்கும்போது எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்டதிலேயே பாதி பயம் போனது. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தினர் தயங்குவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. கேட்கலாம். கேட்க வேண்டும்.

மாத்திரை செர்ட்ராலின். முதல் இரண்டு வாரம் குமட்டலும் பகல் முழுக்கக் கொட்டாவியும்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன். சரியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும், திடீரென்று விடக் கூடாது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கு நேர்மாறான அறிவுரைதான் அதிகம் வருகிறது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கவுன்சிலிங்குக்கு ஜிபி கடிதம் தேவையில்லை. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் 'டாக்கிங் தெரபீஸ்' சேவைக்கு நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், பணமும் கிடையாது. காத்திருக்க வேண்டியிருக்கும், எனக்கும் வாரக்கணக்கில் ஆனது. அதனால் மோசமாகும்வரை காத்திருந்து விண்ணப்பிக்காமல், கொஞ்சம் சந்தேகம் வந்தவுடனே பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. கூப்பிடும்போது தேவையில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அங்கே நான் எதிர்பார்த்தது சின்ன வயதுக் கதையெல்லாம் கேட்பார்கள் என்று. அங்கிருந்த தெரபிஸ்ட் பெண் என்னிடம் கொடுத்தது கட்டம் போட்ட ஒரு தாள். வாரத்தின் ஏழு நாட்கள், மணிவாரியாக. என்ன செய்தேன், அப்போது மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு எண். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் தெரிந்தது, சோஃபாவில் படுத்து ஓய்வெடுத்த மணிகளில்தான் எண் மிகக் குறைவு. டவுன்லி பூங்காவில் மழையில் நடந்த மணியில் கூட அதைவிட அதிகம். மனம் சரியானால் வெளியே போவேன் என்று நான் வைத்திருந்த கணக்கை அவர் திருப்பிப் போட்டார். முதலில் போங்கள், மனம் பின்னால் வரும். கேட்க எரிச்சலாக இருந்தது. வேலை செய்தது.

அம்மாவுக்கு மதுரையில் இதெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? "சும்மா வீட்டுல உட்கார்ந்திருந்தா அப்படித்தான் இருக்கும். கோயிலுக்குப் போயிட்டு வா" என்றாள். முற்போக்காளர்கள் இதற்குக் கோபப்படுவார்கள். நான் அந்தத் தாளின் கட்டத்தில் வெள்ளி மாலை ஆறு மணிக்குக் 'கோயில்' என்று எழுதிவிட்டேன். அம்மாவும் தெரபிஸ்டும் ஒரே விஷயத்தைச் சொன்ன அபூர்வமான தருணம் அது. ஆனால் மாத்திரைக்குப் பதிலாகக் கோயில் என்று சொன்னால் அதை ஏற்கக் கூடாது.

அந்த வருடம் தேறினேன். புது வேலை. ஞாயிறு காலைகளில் பதினோரு வயதுக்கு உட்பட்டோர் டீமுக்கு உதவிக் கோச். பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். கைதட்டினார்கள். இரண்டு அக்காக்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்குப் பிறகு போன்கள் வரத் தொடங்கின. "தம்பி, என் மகன் ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கிறான்", "அண்ணா, என்னால முடியல". இரவு பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊரில் 'டிப்ரெஷனை ஜெயித்தவர்' என்று ஒரு பெயர்.

அடுத்த நவம்பரில், கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, நான்கரைக்கே இருட்டும் நாட்களில், அது திரும்பி வந்தது. இந்த முறை காரணம் என்று எதுவுமே இல்லை. வேலை இருந்தது, பணம் இருந்தது, மாத்திரையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் முறையைவிட வெளியே சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஜெயித்தவர் எப்படிப் போய் மறுபடி வந்துவிட்டது என்று சொல்வார்? என்மேல் நம்பிக்கை வைத்து போன் செய்தவர்களுக்கு என்ன ஆகும்? கார்லைலின் 2013க்கும் 2014க்கும் இடையில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவர் மனதுக்குள் போய் எழுதும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அந்த இரண்டு தேதிகளும் எனக்குப் பெரிய உதவி செய்தன. படத்தில் தன் கதையைச் சொன்ன மனிதருக்கே திரும்பி வருமென்றால், பொங்கல் விழாவில் பதினைந்து நிமிடம் பேசிய எனக்கு வருவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதற்கு மறுகோடியில் இருப்பது ஜெர்மனியின் ராபர்ட் என்கே. ஹனோவர் 96 அணியின் கோல்கீப்பர், தேசிய அணிக்கும் ஆடியவர். பல வருட மனச்சோர்வை மனைவி, டாக்டர் என்று நெருங்கிய சிலரைத் தவிர எல்லோரிடமிருந்தும் மறைத்தார். மூத்த மகள் 2006ல் இதய நோயால் இறந்துபோனாள். பிறகு தத்தெடுத்த குழந்தையை, நோய் வெளியே தெரிந்தால் பறித்துவிடுவார்களோ என்று பயந்தார். 2009 நவம்பர் 8 அன்று ஹாம்பர்குக்கு எதிராக ஆடினார். 10ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 32. மறுநாளே மனைவி தெரசா பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து நோயின் பெயரைச் சொன்னார். என்கேயின் பெயரில் ஓர் அறக்கட்டளை இப்போது மனச்சோர்வுக்காக வேலை செய்கிறது. வாயே திறக்காதது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அவர் சாட்சி. வாய் திறந்தபிறகும் வேலை பாக்கியிருக்கிறது என்பதற்குக் கார்லைல்.

அந்த பாக்கி வேலை என்ன என்பதைத்தான் இரண்டாவது தடவையில் கற்றேன். தெரபிஸ்டோடு சேர்ந்து ஒரு பக்கத்தில் பாதுகாப்புத் திட்டம் ஒன்று எழுதினேன். நன்றாக இருக்கும்போது எழுத வேண்டியது அது, மூழ்கும்போது யாராலும் எழுத முடியாது. என் தாளில் முதலில் இருப்பது அறிகுறிகள்: ஷேவ் செய்யாமல் விடுவது, போன் அடித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைப்பது, ஸ்கோர் பார்க்காதது. அடுத்து நானே செய்யக்கூடியவை: டவுன்லி நடை, பழைய இளையராஜா, வெந்நீர்க் குளியல். அடுத்து யாரைக் கூப்பிடுவது: மனைவி, ஆக்ரிங்டனில் இருக்கும் தெலுங்கு நண்பர், டீமின் ஹெட் கோச். மூவரிடமும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகுதான் பெயர் எழுதினேன். கடைசியாக அவசர எண்கள். வீட்டில் மாத்திரைகளை மொத்தமாக வாங்கி வைப்பதில்லை, இருப்பதும் மனைவி பொறுப்பில். இது அவநம்பிக்கை என்று முதலில் அவளுக்கே சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அவளோடு இன்னொரு ஏற்பாடு உண்டு. 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் நான் 'நல்லாருக்கேன்' என்றுதான் சொல்வேன், வாய்ப் பழக்கம் அது. அதனால் "இன்னிக்கு எத்தனை?" என்று கேட்கிறாள். ஏழு, ஆறு என்று எண்ணைச் சொல்வது எளிது. நான்கு என்றால் அவள் நண்பருக்கு போன் செய்துவிடுவாள், என்னிடம் அனுமதி கேட்பதில்லை. விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. அவளுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் யோசித்தோம். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவள் தோழியோடு மான்செஸ்டர் போய்விடுகிறாள். அன்று என் எண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது.

ஆண்களுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. 'ஆண்டிஸ் மேன் கிளப்', 2016ல் ஹாலிஃபேக்ஸில் தொடங்கியது. ரக்பி லீக் ஆடிய லூக் ஆம்ப்ளர், தன் மைத்துனரை இழந்தபிறகு ஆரம்பித்தார். திங்கட்கிழமை மாலை ஏழு மணி, டீ, பிஸ்கட், வட்டமாக நாற்காலி. பேர் பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நாடு முழுக்கப் பல ஊர்களில் நடக்கிறது. முதல் நாள் எனக்குப் பயம், தோல் நிறத்தாலா ஆங்கிலத்தாலா என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் பேசியதை லங்காஷைர் உச்சரிப்பில் பாதிதான் பிடிக்க முடிந்தது. பிடித்தது போதுமானதாக இருந்தது.

விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை மூன்றாம் சுற்று ஆட்டங்களை எல்லாம் ஒரு நிமிடம் தாமதமாகத் தொடங்கினார்கள், அந்த ஒரு நிமிடம் ரசிகர்கள் தங்கள் மனநலத்தைப் பற்றி யோசிக்க. நல்ல எண்ணம்தான், கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த நிமிடத்தில் யோசித்து, உதவி வேண்டும் என்று முடிவு செய்தவர் தெரபிக்கு எத்தனை வாரம் காத்திருப்பார் என்பதையும் யாராவது ஸ்கோர்போர்டில் போட்டிருக்கலாம். கார்லைலுக்கு அடுத்த தலைமுறையான மார்வின் சோர்டெல், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்கு ஆடியவர், 2019ல் 28 வயதிலேயே மனநலத்தைக் காரணமாகச் சொல்லி ஆட்டத்தை விட்டு விலகினார். பலர் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கு அது ஒரு டீம் மேனேஜர் எடுக்கும் முடிவு மாதிரி தெளிவாகத் தெரிந்தது: காலில் வலி வந்தால் ஆளை மாற்றுவதில்லையா?

எண்களைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் உதவி எண் 116 123, எந்த நேரமும், இலவசம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல அவசர உதவி. இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா, 044-24640050. இலங்கையில் 1926. கனடாவில் 988. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இவை எதுவும் இல்லை, நேரே ஆம்புலன்ஸ்.

இந்த வருடமும் பொங்கல் விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லி மூன்று நிபந்தனை போட்டேன். அறிமுகத்தில் 'ஜெயித்தவர்' என்று சொல்லக் கூடாது. அரங்கத்தின் பின்னால் மேலே சொன்ன எண்களை அச்சடித்துக் கிழித்து எடுக்கும்படி ஒட்ட வேண்டும், பெண்கள் பக்கம் தனியாக ஒன்று, கழிவறைக்குள்ளும் ஒன்று. பேசி முடித்தபின் எனக்கு வரும் கேள்விகளை என்னோடு உட்கார்ந்து கேட்க ஒரு டாக்டரோ நர்ஸோ வேண்டும். சங்கத்தில் நர்ஸுக்கா பஞ்சம்? இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் என் போன் எடுக்கப்படாது என்பதை மேடையிலேயே சொல்லிவிடுவதாகவும் ஏற்பாடு.

செயலாளருக்கு முதல் நிபந்தனைதான் பிடிக்கவில்லை. நோட்டீஸ் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.